தூக்கத்துக்கான யோகாவை சாயங்காலமே செஞ்சிடுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் தூக்கம் வராததைப் பத்திப் பேசப் போறோம். யோகாவும் தியானமும் அதுக்கு உதவுமா, உதவும்னா எப்படி, எந்த இடத்துல உதவாது. இந்த மூணு கேள்விக்கும் முடிஞ்ச அளவு நேரான பதில் தர்றதுதான் திட்டம்.

உங்ககிட்ட இருந்து வர்ற மெசேஜ்ல அடிக்கடி வர்ற கேள்வி இது: "ப்ரோ, தூக்கமே வரல, எந்த தியான ஆப் நல்லா இருக்கும்?" கேக்குற பலர் நம்ம பக்கத்து ஆளுங்க. ஒருத்தர் சிப்காட்ல வாரம் ஒரு ஷிப்ட். இன்னொருத்தர் தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போயிட்டு வந்து, ராத்திரி 9 மணிக்கு மேல அமெரிக்கா கால்ல உக்கார்றவர். இன்னொரு தங்கச்சி ஹாஸ்டல்ல இருக்காங்க. ஒரே ரூம்ல ரெண்டு பேர் ஒரு ஷிப்ட், ரெண்டு பேர் வேற ஷிப்ட். ஒருத்தர் அலாரம் அடிச்சா நாலு பேரும் எழுந்திரிக்கணும்.

மூணு பேரும் "தூக்கம் வரல"ன்னுதான் சொல்றாங்க. ஆனா மூணு பேரோட பிரச்சினையும் ஒண்ணு இல்ல. அது புரியாம ஆப் டவுன்லோட் பண்ணா, பத்து நாள்ல "யோகா எல்லாம் சும்மா"ன்னு முடிவுக்கு வந்துடுவோம். அதனால முதல்ல தூக்கம் எப்படி வருதுன்னு பாத்துடலாம்.

ரெண்டு இன்ஜின், ஒரு பிரேக்

1982-ல அலெக்சாண்டர் போர்பெலிங்கிற சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் ஒரு மாடல் சொன்னார். இன்னைக்கும் தூக்க மருத்துவத்துல அதுதான் அடிப்படை. அதுபடி தூக்கத்தைக் கொண்டு வர்றது ரெண்டு விஷயம்.

ஒண்ணு, தூக்க அழுத்தம். நாம முழிச்சிருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில தூங்கணும்ங்கிற கட்டாயம் ஏறிக்கிட்டே போகும். அடினோசின்ங்கிற வேதிப்பொருள் சேர்றது இதுல ஒரு முக்கியப் பங்கு. காபி என்ன பண்ணுதுன்னா, அந்த அடினோசின் போய் உக்கார வேண்டிய இடத்துல தான் போய் உக்காந்துக்குது. குடிச்ச காஃபின்ல பாதி உடம்பை விட்டுப் போக சராசரியா 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக்கு குடிச்ச ஸ்ட்ராங் காபில பாதி, ராத்திரி 11 மணிக்கும் உள்ள இருக்கு.

ரெண்டாவது, உடம்போட கடிகாரம். மூளைக்குள்ள இருக்கிற இந்தக் கடிகாரம் கண்ணுல படுற வெளிச்சத்தை வெச்சுத்தான் நேரத்தைச் சரி பண்ணிக்குது. ராத்திரி தூங்கு, பகல்ல முழிச்சிருன்னு சொல்றது இதுதான்.

இது ரெண்டும் இன்ஜின். இதோட பிரேக் ஒண்ணு இருக்கு. ஆபத்து வந்தா உடம்பைத் தயார் பண்ற சிம்பதெடிக் நரம்பு மண்டலம், கார்டிசால் மாதிரியான ஹார்மோன்கள், ஓடிக்கிட்டே இருக்கிற மனசு, எல்லாம் சேர்ந்ததுதான் இந்த பிரேக். வீட்டுக்குள்ள பாம்பு வந்திருக்குன்னா எவ்வளவு அசதியா இருந்தாலும் தூக்கம் வராது. வரவும் கூடாது. சிக்கல் என்னன்னா, நாளைக்கு இருக்கிற ரிலீஸையும், கட்ட வேண்டிய இ.எம்.ஐ-யையும் உடம்பு கிட்டத்தட்ட பாம்பு மாதிரியே எடுத்துக்குது.

யோகாவும் தியானமும் முக்கியமா வேலை செய்றது இந்த பிரேக் மேலதான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்ஜின்ல கோளாறுன்னா பிரேக்கை மட்டும் சரி பண்ணி வண்டி ஓடாது.

உங்களுக்கு எது கோளாறுன்னு தோராயமா கண்டுபிடிக்க ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. லீவு நாள் மதியம், இருட்டான அமைதியான ரூம், படுக்க ஒரு மணி நேரம் கிடைக்குது. உடனே தூங்கிடுவீங்களா? ஆமான்னா, உங்களுக்குப் பெரும்பாலும் தூங்க நேரமோ சரியான வேளையோ கிடைக்கல. அசதியா இருக்கு, கண்ணு எரியுது, ஆனா அப்பவும் தூக்கம் வராம புரண்டு புரண்டு படுப்பீங்கன்னா, பிரேக் மாட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். இன்சோம்னியா இருக்கிற பலருக்குப் பகல்லயும் சுலபமா தூக்கம் வராது.

24 மணி நேரப் பிரச்சினை

நாள்பட்ட தூக்கமின்மைன்னு டாக்டர்கள் எதைச் சொல்றாங்க? வாரத்துக்குக் குறைஞ்சது 3 ராத்திரி, 3 மாசமா, தூங்க வாய்ப்பு இருந்தும் தூக்கம் வராம, அதனால பகல் வேலையும் பாதிக்கப்பட்டா அது இன்சோம்னியா.

2001-ல அமெரிக்காவில அலெக்ஸாண்ட்ரோஸ் விகோன்ட்ஸாஸ் குழு ஒரு சின்ன ஆய்வு பண்ணாங்க. இன்சோம்னியா இருக்கிறவங்க, நல்லா தூங்குறவங்க, ரெண்டு தரப்புக்கும் 24 மணி நேரமும் ரத்த மாதிரி எடுத்து கார்டிசால் அளவைப் பாத்தாங்க. தூக்கம் வராதவங்களுக்கு அது நாள் முழுக்கவே கூடுதலா இருந்துச்சு. அதுலயும் சாயங்காலமும் முன்னிரவும் வித்தியாசம் அதிகம்.

இதுல நமக்குத் தேவையான தகவல் இதுதான்: தூக்கமின்மை ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிக்கிறதில்ல. அந்த நேரத்துல அது கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான். காலையில இருந்து ஏறுன சூட்டை, படுக்கையில விழுந்த அடுத்த அஞ்சு நிமிஷத்துல ஒரு ஆப் இறக்கிடும்னு எதிர்பாக்குறோம். பெரும்பாலும் நடக்காது.

அப்போ எப்போ இறக்குறது? இதுக்கு நம்ம பக்கத்துலயே ஒரு நல்ல பதில் இருக்கு.

அத்திப்பள்ளி தாண்டி ஒரு ஆராய்ச்சி

ஓசூர்ல இருந்து பெங்களூரு ரோட்டுல பார்டர் தாண்டினா ஆனேக்கல் தாலுகா. அதுல ஜிகணிக்குப் பக்கத்துல பிரசாந்தி குடீரம்னு ஒரு வளாகம். எஸ்-வியாசாங்கிற யோகா பல்கலைக்கழகம் அங்கதான் இருக்கு. 2002-ல நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. இதைக் கட்டி எழுப்பின எச்.ஆர். நாகேந்திரா அடிப்படையில மெக்கானிக்கல் இன்ஜினியர். இந்திய அறிவியல் கழகத்துல பிஎச்.டி., அப்புறம் நாசாவுல வேலை, அப்புறம் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரா, அங்கிருந்து யோகா ஆராய்ச்சி. கோர் இன்ஜினியரிங் படிச்சிட்டு வேற பக்கம் போனவங்க ஐ.டி-யில மட்டும் இல்ல மக்களே.

அங்க உருவான ஒரு பயிற்சிக்குப் பேர் ஆவர்த்தன தியானம். இங்கிலீஷ்ல சைக்ளிக் மெடிடேஷன்னு சொல்வாங்க. மாண்டூக்ய உபநிடத மரபுல வர்ற ஒரு கருத்துதான் அடிப்படை: மனசு மந்தமா இருந்தா தட்டி எழுப்பு, அலைஞ்சா அமைதிப்படுத்து. அதனால இதுல ஆசனமும் ஓய்வும் மாறி மாறி வரும். கொஞ்சம் அசைவு, கொஞ்சம் நிறுத்தம்.

ஏன் இது நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஒத்து வரும்னா, எட்டு மணி நேரம் ஸ்கிரீனைப் பாத்துட்டு வந்து "கண்ணை மூடி மனசை அடக்கு"ன்னா மனசு அடங்காது. அதுவரை கேக்காத சத்தமெல்லாம் அப்பதான் கேக்கும். முதல்ல உடம்பை அசைச்சு, கவனத்தை உடம்புக்குக் கொண்டு வந்து, அப்புறம் படுத்தா வேகம் தானா குறையும்.

இந்தப் பயிற்சிக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்னு சஞ்சிப் பாத்ராவும் ஷெர்லி டெல்லஸும் பண்ண ஆய்வு 2009-ல வெளியாச்சு. 30 ஆண்கள். ஒரு நாள் அவங்க இந்தப் பயிற்சியை ரெண்டு தடவை பண்ணாங்க, ஒவ்வொண்ணும் சுமார் 22 நிமிஷம். இன்னொரு நாள் அதே நேர அளவுக்குச் சும்மா மல்லாந்து படுத்து ஓய்வு எடுத்தாங்க. ரெண்டு நாளும் ராத்திரி முழுக்க மூளை அலை, கண் அசைவு, தசை இயக்கம் எல்லாத்தையும் கருவி வெச்சு பதிவு பண்ணாங்க.

பயிற்சி பண்ண நாள் ராத்திரி ஆழ்ந்த தூக்கத்தோட பங்கு கூடியிருந்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை முழிப்பு வந்துச்சுங்கிற கணக்கு குறைஞ்சிருந்துச்சு. காலையில எழுந்தவங்களும் நல்லா தூங்கின மாதிரி இருக்குன்னு சொன்னாங்க. கவனிங்க, யாரும் படுக்கையில கிடந்து தூங்குறதுக்காக தியானம் பண்ணல. பகல்ல பண்ணது ராத்திரி வேலை செஞ்சிருக்கு.

இதே ஆராய்ச்சி மரபுல 2005-ல மஞ்சுநாத், டெல்லஸ் ரெண்டு பேரும் முதியோர் இல்லத்துல இருந்த 69 பேரை வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு குழுவுக்கு யோகா, ஒரு குழுவுக்கு ஆயுர்வேத மருந்து, ஒரு குழு காத்திருப்புப் பட்டியல். 6 மாசம் கழிச்சு யோகா குழு சொன்ன கணக்குப்படி, படுத்ததும் தூக்கம் வர ஆகுற நேரம் சுமார் 10 நிமிஷம் குறைஞ்சிருந்துச்சு, மொத்தத் தூக்கம் சுமார் ஒரு மணி நேரம் கூடியிருந்துச்சு.

சரி, இதை எவ்வளவு நம்பலாம்? முதல் ஆய்வுல கலந்துக்கிட்டவங்க இன்சோம்னியா நோயாளிகள் இல்ல, எண்ணிக்கையும் 30 தான். ரெண்டாவது ஆய்வு, அவங்களே சொன்ன தூக்கக் கணக்கு, கருவி வெச்சு அளந்தது இல்ல. அதனால பெரிய பட்டியலையும் பாத்துடலாம். 2019-ல ஹெதர் ரஷ் குழு, மைண்ட்ஃபுல்னஸ் தியானத்தைத் தூக்கத்துக்காகச் சோதிச்ச 18 ஆய்வுகளை, மொத்தம் 1,654 பேரை, ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க. ஒப்பீட்டுக்காகக் கொடுத்த பொதுவான பயிற்சிகளைவிட தியானம் மேல். ஆனா ஏற்கனவே நிரூபணமான தூக்க சிகிச்சைகளைவிட மேல் இல்ல.

அந்த நிரூபணமான சிகிச்சைக்குப் பேர் சிபிடி-ஐ. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. 2016-ல அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி, நாள்பட்ட இன்சோம்னியாவுக்கு மாத்திரைக்கு முன்னாடி இதைத்தான் கொடுக்கணும்னு பரிந்துரை பண்ணுச்சு. யோகாவை இதுக்குப் போட்டியா பாக்க வேண்டாம். ரெண்டையும் சேர்த்து ஓட்டலாம். எப்படின்னு சொல்றேன்.

22 நிமிஷத்துல என்ன இருக்கு

அந்த ஆய்வுல பண்ண வரிசை ரொம்ப எளிமையானது. எல்லாமே கண்ணை மூடிக்கிட்டு, ரொம்ப மெதுவா.

மல்லாந்து படுங்க. கால் விரல்ல ஆரம்பிச்சு தலை வரைக்கும் உடம்பை இறுக்கி, ஒரே நேரத்துல தளர்த்துங்க. அப்புறம் இடது பக்கமா திரும்பி, அவசரமில்லாம எழுந்து நில்லுங்க. ரெண்டு பாதத்துலயும் எடை எப்படி விழுதுன்னு கவனிங்க. வலது பக்கம் வளையுங்க, திரும்ப நேரா நின்னு ஒரு நிமிஷம் உடம்புல என்ன நடக்குதுன்னு பாருங்க. அப்புறம் இடது பக்கம். அப்புறம் முன்னாடி குனியறது, அப்புறம் லேசா பின்னாடி வளையறது. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அந்த இடைவெளி முக்கியம். கடைசியா மெதுவா கீழ வந்து மல்லாந்து படுத்து, பாதத்துல இருந்து தலை வரைக்கும் ஒவ்வொரு பகுதியா தளர்த்திக்கிட்டே சுமார் 10 நிமிஷம்.

நெட்டி முறிய வளையணும்னு அவசியமே இல்ல. முதுகு வலி, தலைசுத்தல், ரத்த அழுத்தப் பிரச்சினை இருந்தாலோ, கர்ப்பமா இருந்தாலோ, குனியறதையும் வளையறதையும் தெரிஞ்சவங்ககிட்ட கத்துக்கிட்டு செய்ங்க.

எப்போ பண்றது? வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னாடி. ராத்திரி கால் இருக்கிறவங்க, ஆபீஸ் வேலைக்கும் அந்த காலுக்கும் நடுவுல. சட்டை மாத்துறது மாதிரி அது ஒரு பழக்கமா ஆகணும். பாய் விரிக்க இடம் இருந்தா போதும். ஹாஸ்டல்ல அதுவும் இல்லன்னா, நின்னு செய்ற பகுதியை மட்டும் மொட்டை மாடியில செய்யலாம். நம்ம ஊர் சாயங்காலக் காத்துக்கு அதுவே சுகம்.

இது முடியாத நாள்ல மூச்சு மட்டும் போதும். சாதாரணமா நாம நிமிஷத்துக்கு 12-ல இருந்து 20 தடவை மூச்சு விடுறோம். அதை 6-க்குக் கொண்டு வாங்க. 4 நொடி உள்ள, 6 நொடி வெளிய, மூக்கு வழியா, 10 நிமிஷம். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். இந்த 6-ங்கிற எண்ணுக்கு ஒரு சுவாரசியமான கதை இருக்கு. 2001-ல லூசியானோ பெர்னார்டிங்கிற இத்தாலிய மருத்துவரோட குழு, லத்தீன்ல ஜெபமாலை சொல்றவங்களையும், "ஓம் மணி பத்மே ஹூம்" மந்திரம் சொல்றவங்களையும் அளந்து பாத்தாங்க. ரெண்டுலயுமே மூச்சு தானா நிமிஷத்துக்கு சுமார் 6-க்கு வந்து நின்னுச்சு. ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் சமன் பண்ற அனிச்சைச் செயல் அந்த வேகத்துல நல்லா வேலை செஞ்சுச்சு. அதனால சாமி கும்பிடுற பழக்கம் இருக்கிறவங்க, பாட்டி சொல்ற மாதிரி நாமத்தை நிதானமா சொன்னாலும் கணக்குல வரும்.

ஒரு எச்சரிக்கை: கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான மூச்சுப் பயிற்சிகள் உடம்பை உசுப்பி விடும். அது காலைக்கு. வேகமான சூரிய நமஸ்காரமும் அப்படித்தான்.

யோக நித்திரை? உங்கள்ல பல பேர் என்.எஸ்.டி.ஆர்-ங்கிற பேர்ல யூடியூப்ல கேட்டிருப்பீங்க. சுந்தர் பிச்சை ஒரு பேட்டியில சொன்னதுக்கு அப்புறம் ரொம்பப் பிரபலமாச்சு. பிகார் முங்கேர்ல யோகா பள்ளி நடத்துன சுவாமி சத்யானந்த சரஸ்வதிதான் நியாசங்கிற பழைய தாந்திரீக முறையை எடுத்து, இப்ப நாம கேக்குற வடிவத்துக்குக் கொண்டு வந்தவர். நம்ம நாட்டுல நாள்பட்ட இன்சோம்னியா இருக்கிற 41 பேரை வெச்சு யோக நித்திரையையும் சிபிடி-ஐயையும் ஒப்பிட்ட ஒரு ஆய்வு 2021-ல வந்துச்சு. ரெண்டு குழுவுக்குமே தூக்கம் மேம்பட்டுச்சு. எண்ணிக்கை சின்னது, ஆனா நம்பிக்கை தர்ற ஆரம்பம். இதையும் சாயங்காலமோ, மதிய இடைவேளையிலயோ கேட்டுப் பழகுங்க.

ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்தா

இப்போ எல்லாரும் கேக்குற கேள்வி. நடுராத்திரி முழிச்சுக்கிட்டேன், அப்போ தியானம் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனா தூங்குறதுக்காகப் பண்ணாதீங்க. "இப்ப மூச்சை கவனிக்கிறேன், இன்னும் தூக்கம் வரல, இன்னும் வரல"ன்னு உள்ள ஒருத்தன் உக்காந்து கண்காணிச்சுக்கிட்டே இருந்தா, அந்தக் கண்காணிப்பே பிரேக் தான். நாளைக்கு முக்கியமான வேலை இருக்கு, இப்ப தூங்கியே ஆகணும்னு நினைக்கிற ராத்திரியிலதான் பொட்டுத் தூக்கம் வராது. முயற்சி பண்ணா கூடுதலா கிடைக்கிற பல விஷயங்களுக்கு நடுவுல, முயற்சி பண்ணா ஓடிப் போற விஷயம் தூக்கம்.

இந்த இடத்துலதான் சிபிடி-ஐ-ல இருந்து ஒரு விதியைக் கடன் வாங்கணும். 1972-ல ரிச்சர்ட் பூட்ஸின்ங்கிற உளவியலாளர் சொன்னது. படுக்கையை மூளை தூக்கத்தோட மட்டும்தான் சேர்த்துப் பாக்கணும். அதுல புரண்டு, கவலைப்பட்டு, ரீல்ஸ் பாத்து மணிக்கணக்கா கிடந்தா, படுக்கையைப் பாத்ததுமே மூளை முழிச்சுக்கும். சோபாவுல கண்ணு சொக்கி, ரூமுக்கு எழுந்து போனதும் பளிச்சுன்னு முழிப்பு வருதே, அதுக்குக் காரணம் இதுதான்.

அதனால தூக்கம் வராம சுமார் 20 நிமிஷம் ஆன மாதிரி தோணுனா எழுந்துடுங்க. மணி பாக்க வேண்டாம், குத்துமதிப்பு போதும். மங்கலான வெளிச்சத்துல ஒரு நாற்காலியில உக்காருங்க. அங்க உக்காந்து மூச்சைக் கவனிங்க, ஒரு பழைய புத்தகம் படிங்க, எதுவும் சரி. கண்ணு சொக்குனா மட்டும் திரும்பப் போங்க. எத்தனை மணிக்குத் தூங்குனாலும் காலையில ஒரே நேரத்துக்கு எழுந்திரிங்க. முதல் வாரம் கஷ்டமா இருக்கும். அந்தக் கஷ்டம்தான் தூக்க அழுத்தத்தை ஏத்தி, முதல் இன்ஜினை ஓட வைக்குது.

நைட் ஷிப்ட் கதை வேற

இது வரைக்கும் சொன்னது பிரேக் மாட்டிக்கிட்டவங்களுக்கு. நைட் ஷிப்ட் பாக்குறவங்களுக்கு ரெண்டாவது இன்ஜின், அதாவது கடிகாரமே, எதிர்ப்பக்கம் ஓடுது. காலையில 7 மணிக்கு வந்து படுக்கும்போது உடம்பு "விடிஞ்சிருச்சு"ன்னு சொல்லுது. நல்ல அசதியில தூங்குனாலும் நாலு, அஞ்சு மணி நேரத்துல அது எழுப்பி விட்டுடும். இதுக்கு தியானம் மட்டும் போதாது. உங்க மனசுல குறை இருக்குன்னும் அர்த்தம் இல்ல.

செய்யக்கூடியது என்ன? வெளிச்சத்தைக் கையாளுங்க. ஷிப்ட்டோட முதல் பாதியில நல்ல வெளிச்சத்துல இருங்க. வீடு திரும்பும்போது வெயில் படாம பாத்துக்கங்க. ரூமை முடிஞ்ச அளவு இருட்டாக்குங்க, ஜன்னல்ல கனமான போர்வை கட்டினாலும் சரி. காபி, டீ எல்லாம் ஷிப்ட் முன்பாதியோட முடியட்டும். வந்ததும் லேசா சாப்பிட்டு, 10 நிமிஷம் மெதுவான மூச்சு அல்லது யோக நித்திரை, உடனே படுக்கை. முதல் நைட்டுக்கு முன்னாடி மதியமோ சாயங்காலமோ ஒன்றரை மணி நேரம் தூங்கிட்டுப் போங்க.

அந்தக் கடைசி வரி ஏன் முக்கியம்னு ஒரு கணக்கு சொல்றேன். 1997-ல டாசன், ரீட்ங்கிற ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் காட்டுனது: தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தவங்களோட செயல்திறன், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவங்க அளவுக்கு இறங்கிடுது. நம்ம நாட்டுச் சட்டத்துல வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட எல்லை 100 மில்லிக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். முதல் நைட் ஷிப்ட்டுக்கு, காலையில 7 மணிக்கு எழுந்த ஆள் மதியம் தூங்காம வேலைக்கு வந்து, மறுநாள் காலை 6 மணிக்கு பைக்கை எடுத்துக்கிட்டு கிருஷ்ணகிரி ரோட்டுல ஏறுறார்னு வைங்க. அவர் முழிச்சு 23 மணி நேரம் ஆச்சு. ஒரு சொட்டு குடிக்கல. ஆனா லாரி ஓடுற நெடுஞ்சாலையில, சட்டம் அனுமதிக்கிற போதையைவிட அதிகமான மயக்கத்துல வண்டி ஓட்டுறார். அன்னைக்குக் கம்பெனி பஸ் இருந்தா அதுல ஏறுங்க. இல்லன்னா கிளம்புறதுக்கு முன்னாடி 20 நிமிஷம் கண்ணை மூடுங்க. வீட்டுல காத்திருக்கிறவங்க அரை மணி நேரம் கூட காத்திருப்பாங்க.

இன்னொன்னும் சொல்லணும். ஜூன் 21 யோகா தினத்துக்கு டி-ஷர்ட் கொடுத்து, வரிசையா உக்கார வெச்சு போட்டோ எடுக்கிற இடங்கள்ல, ஷிப்ட் அட்டவணை எப்படி இருக்குன்னு கேளுங்க. காலை, மதியம், இரவுன்னு முன்னோக்கிப் போற சுழற்சி உடம்புக்குச் சுலபம். இரவு, மதியம், காலைன்னு பின்னோக்கிப் போறது கஷ்டம். நைட் முடிச்ச ஆளை ஒரு நாள் இடைவெளியில காலை ஷிப்ட்டுக்குக் கூப்பிட்டா, எந்த ஆசனமும் அதை ஈடு கட்டாது. ஓய்வு இல்லாத அட்டவணையோட சுமையை, "நீ தியானம் பண்ணலை"ன்னு தொழிலாளி தலையில வைக்கக் கூடாது.

டாக்டர்கிட்ட போக வேண்டிய இடம்

பலமா குறட்டை விட்டு, நடுவுல மூச்சு நின்னு திணறி எழுந்தா, அது தூக்கத்துல மூச்சுத் தடைபடுற நோயா இருக்கலாம். பகல்ல தூங்கித் தூங்கி விழுறது இதோட அடையாளம். இதுக்குத் தூக்கப் பரிசோதனை வேணும்.

ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பு இல்லாம, விடியக்காலையில முழிப்பு வந்து மனசு கனமா இருந்தா, மனச்சோர்வான்னு பாக்கணும். ஏற்கனவே தூக்க மாத்திரை எடுக்கிறவங்க, யோகா ஆரம்பிச்சுட்டோம்னு திடீர்னு நிறுத்தாதீங்க. சில மாத்திரைகளைச் சட்டுன்னு விட்டா வலிப்பு வரைக்கும் போகும். டாக்டர் சொல்ற படி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். கண்ணை மூடி உக்காந்தா பழைய பயங்கரமான நினைவு மேல வர்றவங்களும் உண்டு. அவங்க தியானத்தை வற்புறுத்திப் பண்ண வேண்டாம். கண்ணைத் திறந்துக்கிட்டு நடக்கிறதே நல்லது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நம்ம ஓசூர் ரோட்டுலயேதான் இருக்கு. மனநல மருத்துவத்தோட யோகாவையும் சேர்த்துக் கொடுக்கிற மையம் அங்க உண்டு. அங்கேயே விபாசனா தியானத்தைப் பல வருஷம் பண்ணவங்களோட தூக்கத்தைக் கருவி வெச்சு அளந்து பாத்திருக்காங்க. வயசு ஏற ஏற மத்தவங்களுக்கு ஆழ்ந்த தூக்கம் குறையிற அளவுக்கு அவங்களுக்குக் குறையல. தியானத்தால அப்படி ஆச்சா, நல்லா தூங்குற இயல்பு இருக்கிறவங்கதான் தியானத்துல நிலைச்சாங்களான்னு அந்த மாதிரி ஆய்வு பிரிச்சுச் சொல்லாது. ஆனாலும் பாதை எந்தப் பக்கம்னு காட்டுது. நேர்ல போக முடியலன்னா 14416, டெலி-மானஸ். இலவசம், 24 மணி நேரம், தமிழ்லயும் பேசலாம்.

கடைசியா ஒரு வீட்டுப்பாடம். 14 நாள், சாயங்காலம் ஒரே நேரத்துல, அந்த 22 நிமிஷம். ஒரு நோட்டுல ரெண்டே வரி: நேத்து சுமார் எத்தனை மணிக்குத் தூங்குனேன், காலையில எப்படி எழுந்தேன். அதைக் காலையில எழுதுங்க, ராத்திரி எழுதாதீங்க. வாட்ச் கொடுக்கிற ஸ்கோரைப் பாக்காதீங்க. 14 நாள் முடிஞ்சதும் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க, ஷிப்ட் என்னன்னும் சேர்த்து. அடுத்த எபிசோட்ல ஹாஸ்டல் ரூம்ல வேற வேற ஷிப்ட்ல இருக்கிறவங்க சத்தத்தையும் வெளிச்சத்தையும் எப்படிச் சமாளிக்கிறதுன்னு பேசலாம்.

இதை ராத்திரி 1 மணிக்குப் படுத்துக்கிட்டு படிச்சுக்கிட்டு இருந்தா, போனை வெச்சிடுங்க. மிச்சம் நாளைக்குப் பேசிக்கலாம்.